கதவைத் தட்டுவது யார்?

(அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

பஸ்ஸில் நின்றுகொண்டோ, ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டோ கேட்டுக்கிட்டு இருப்பீங்க. இன்னைக்குக் கொஞ்சம் தூரம் போகணும். நாலு நாடு. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

ஒரு ஊர்ல ஆஸ்பத்திரி இருக்குன்னு வெச்சுக்கோங்க. டாக்டர் இருக்கார். மருந்து இலவசம். அப்படியும் அந்த ஊர்ப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோகிறார்கள். ஏன்?

"படிப்பறிவு இல்ல" என்பார் ஒருவர். "ஏழ்மை" என்பார் இன்னொருவர். மூணாவது ஆள் குரலைத் தாழ்த்திக்கிட்டு "அவங்க மதம் அப்படி" என்பார். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் விஷயம் இருக்கலாம். ஆனால் மூன்றுமே அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நின்று சொல்லும் பதில்கள். வாசலுக்கு உள்ளே இருந்து பார்த்தால் பதில் ரொம்பச் சாதாரணமானது: அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ஊழியர்கூட இல்லை. ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட அந்தப் பெண்ணுக்குக் கூச்சம். கணவருக்கும் மாமியாருக்கும் அதில் சம்மதம் இல்லை. அதனால் அவர் போகவில்லை.

சரி, ஒரு பெண் டாக்டரையோ நர்ஸையோ அனுப்பிவைக்கலாமே? அனுப்பலாம். ஆனா அவங்க எங்கிருந்து வருவாங்க? அந்த மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு தாண்டிய பெண்ணே இல்லையென்றால், நர்ஸ் எங்கிருந்து வருவார்?

இன்னைக்கு நான் சொல்ல வர்றது இந்த ஒரு விஷயம்தான். கல்வியையும் மருத்துவத்தையும் நாம ரெண்டு துறையா, ரெண்டு பட்ஜெட்டா பார்க்கிறோம். பெண்களும் ஆண்களும் தனித்தனியாகப் புழங்கும் சமூகங்களில் இரண்டும் ஒரே சங்கிலி. இன்று பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரும் பெண், பத்து வருஷம் கழித்து யாரோ ஒருத்தியின் பிரசவக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர். முதல் கண்ணியை அறுத்தால் கடைசிக் கண்ணி தானாக விழும்.

நாலு நாடுகளில் இதைப் பார்க்கப் போறோம். பங்களாதேஷ், ஈரான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான். நாலிலும் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. ஆனா மொழி வேற, வரலாறு வேற, ஆட்சி வேற. "முஸ்லிம் நாடுகள்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது எவ்வளவு தப்பு என்பதும் போகப் போகத் தெரியும்.

மூன்று விரல் உப்பு

முதலில் பங்களாதேஷ்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் எல்லாருக்கும் தெரியும். வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரில் கலந்து குடிக்கிறோம். அதற்குப் பின்னால் டாக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே இருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் 1968-ல் நடந்த சோதனைகள், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, டிரிப்ஸின் தேவையைப் பெருமளவு குறைத்தே காலரா நோயாளிகளைப் பிழைக்க வைக்கலாம் என்று காட்டின. வேலை செய்யும் விதம் எளிமையானது. வெறும் தண்ணீர் கொடுத்தால் நோயாளியின் குடலில் தங்காது. சர்க்கரையோடு சேர்ந்து போகும்போதுதான் உப்பைக் குடல் உறிஞ்சும். உப்பு போகும் வழியில் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

1971 போரின்போது எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய டிரம்களில் கலந்துவைத்துக் கொடுத்தார். அதுவரை நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-ல் லான்செட் இதழ் எழுதியது.

ஆக, மருந்து கண்டுபிடிச்சாச்சு. விலையும் கிட்டத்தட்ட இல்லை. பிரச்சினை தீர்ந்துச்சா? இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது பக்கத்தில் இருப்பவர் அம்மா. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கடைத்தெருவுக்குப் போகும் பழக்கம் இல்லை, வெளி ஆண்களோடு பேசுவதும் இல்லை. சுவரில் போஸ்டர் ஒட்டினால் யார் படிப்பது?

இங்கேதான் பிராக் வருகிறது. ஃபஸ்லே ஹசன் ஆபேத் 1972-ல், போர் முடிந்த கையோடு, சில்ஹெட் பகுதியின் சுல்லாவில் தொடங்கிய அமைப்பு. 1980-லிருந்து 1990 வரை பத்து ஆண்டுகள், பிராக் அனுப்பிய பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஏறத்தாழ ஒரு கோடியே 20 லட்சம் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, அவர் கையாலேயே கரைசலைச் செய்ய வைத்தார்கள். பொட்டலம் கிடையாது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர். வங்காளத்தில் "லொபோன் குர்". உப்பு, வெல்லம், அவ்வளவுதான்.

எனக்கு இந்தத் திட்டத்தில் ரொம்பப் பிடிச்ச விஷயம், அவங்க சம்பளம் கொடுத்த முறை. எத்தனை வீட்டுக்குப் போனே என்று கேட்டுப் பணம் கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறொரு குழு அதே ஊருக்குப் போகும். சில அம்மாக்களைத் தேர்ந்தெடுத்து, "என்ன சொல்லிக்கொடுத்தாங்க, செய்து காட்டுங்க" என்று கேட்கும். அந்தக் கரைசலைச் சோதனைக்கும் அனுப்பும். அம்மா நன்றாகச் சொன்னால் சொல்லிக்கொடுத்தவருக்குக் கூடுதல் பணம். அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை என்றால் பணம் இல்லை. பாடம் கேட்டவருக்குப் புரிந்ததா என்று பார்த்து, பாடம் நடத்தியவருக்கு மதிப்பெண்! நம்ம காலேஜ்ல இப்படி ஒரு முறை இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்?

அப்படியும் ஒரு சிக்கல். அம்மாக்களுக்குச் செய்யத் தெரிந்தது, ஆனால் பலர் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது இரண்டு காரணங்கள் கிடைத்தன. ஒன்று, சொல்லிக்கொடுக்கப் போன ஊழியர்களிலேயே பலருக்கு அந்த உப்புத் தண்ணீர் மேல் நம்பிக்கை இல்லை. தங்கள் வயிற்றுப்போக்குக்கு அவர்கள் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது, வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. "யாரோ வந்து என்னவோ சொல்லிட்டுப் போனாங்க" என்ற நிலையில் அவர்கள் இருந்தார்கள். பிராக் இரண்டையும் சரிசெய்தது. ஊழியர்களுக்கு அந்தக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று முறையாகக் கற்றுக்கொடுத்தது. ஆண்களைச் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் கூட்டிவைத்துப் பேசியது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. பள்ளிவாசல் அங்கே தடையாக நிற்கவில்லை. செய்தி போய்ச் சேரும் இடமாக இருந்தது. பெண்களிடம் பெண்கள் பேசினார்கள், ஆண்களிடம் ஆண்கள் பேசினார்கள். இருக்கும் சமூக அமைப்புக்குள்ளேயே பாதை போட்டார்கள்.

ஆனால் அதோடு நின்றிருந்தால் பாதைதான் இருந்திருக்கும், அடுத்து நடக்க ஆள் இருந்திருக்காது. 1985-ல் பிராக் 22 ஓரறைப் பள்ளிகளைத் தொடங்கியது. பள்ளிக்கே போகாத, அல்லது பாதியில் நின்ற ஏழைக் குழந்தைகளுக்கானவை. ஒரு அறை, ஒரு டீச்சர், முப்பது சொச்சம் பிள்ளைகள். பிள்ளைகளில் பெரும்பான்மை பெண்கள். டீச்சரும் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். பின்னாளில் இது பல்லாயிரம் பள்ளிகளாக வளர்ந்தது. 1994-ல் அரசு கிராமப்புறங்களில் மேல்நிலை வகுப்புப் பெண்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. நிபந்தனை மூன்று: 75 சதவீத வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், பள்ளி இறுதித் தேர்வு வரை திருமணம் கூடாது. சில ஆண்டுகளில் மேல்நிலை வகுப்புகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை எட்டிப்பிடித்தது, பிறகு தாண்டியும் போனது.

1990-ல் பங்களாதேஷில் பிறந்த 1000 குழந்தைகளில் 140-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். இப்போது அது 30 என்ற அளவில் இருக்கிறது. எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. அங்கே பாதிப் பெண்களுக்கு இன்னும் 18 வயதுக்குள் கல்யாணம் நடக்கிறது. உதவித்தொகையால் அந்த வழக்கத்தை முழுசா உடைக்க முடியல. ஆனாலும் பணக்கார நாடாக மாறும் வரை காத்திருக்காமலே குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்று அந்த நாடு காட்டியிருக்கிறது.

சுவரில் ஒரு வட்டம்

இப்போ ஈரான். இங்கே கதையே வேற. பங்களாதேஷில் ஒரு தொண்டு நிறுவனம் செய்ததை இங்கே அரசாங்கம் செய்தது.

1970-களில் ஈரானில் எண்ணெய்ப் பணம் கொட்டியது. டெஹ்ரானில் நல்ல மருத்துவமனைகள் இருந்தன. கிராமங்களில்? நகரத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 60 பேர் ஒரு வயதுக்குள் இறந்தால், கிராமத்தில் ஏறத்தாழ 120 பேர் இறந்தார்கள். சரியாக இரண்டு மடங்கு. கிராமப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 20 பேர்கூட இல்லை.

மேற்கு அஜர்பைஜான் மாகாணத்தில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை முயற்சி நடந்தது. அதை அடிப்படையாக வைத்து, 1979 புரட்சிக்குப் பிறகு வந்த இஸ்லாமியக் குடியரசு, 1980-களின் நடுவில், ஈராக்கோடு போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், நாடு முழுக்க "சுகாதார இல்லங்கள்" கட்டத் தொடங்கியது. சுமார் 1500 பேருக்கு ஒரு இல்லம். அதில் வேலை செய்பவர்களுக்கு "பெஹ்வர்ஸ்" என்று பெயர். பெரும்பாலும் ஒரு பெண், ஒரு ஆண். தடுப்பூசி, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, குழந்தை எடை பார்ப்பது எல்லாம் பெண் பொறுப்பு. குடிதண்ணீர், கழிப்பறை, ஊர் ஊராக அலைவது ஆண் பொறுப்பு.

ஆளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும். அந்த ஊரிலேயே வாழ ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷம் பக்கத்து ஊரில் இலவசப் பயிற்சி. படிப்புத் தகுதி? தொடக்கத்தில் ஆரம்பப் பள்ளி முடித்திருந்தாலே போதும். ஏன்னா அதுக்கு மேல படிச்ச பெண்கள் அந்தக் கிராமங்கள்ல கிடையாது. தகுதியை உயரத்தில் வைத்துவிட்டு "ஆள் கிடைக்கலை" என்று கை விரிக்கவில்லை. கையில் இருக்கும் ஆளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிகள் பெருகப் பெருகத் தகுதியையும் உயர்த்தினார்கள். பின்னாளில் மேல்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும் என்றானது. சங்கிலி இரண்டு பக்கமும் வேலை செய்தது.

ஒவ்வொரு சுகாதார இல்லத்தின் சுவரிலும் வட்ட வடிவத்தில் ஒரு அட்டவணை தொங்கும். அந்த ஊரில் இந்த வருஷம் எத்தனை குழந்தை பிறந்தது, எந்த மாதம், எத்தனை பேர் இறந்தார்கள், எந்த வயதில், எதனால் எல்லாமே அந்த வட்டத்தில். பாரசீகத்தில் "ஜீஜே ஹயாதி" என்பார்கள். "ஜீஜ்" என்பது பழைய வானியல் அட்டவணைகளுக்கான சொல். நம்ம ஊர்ப் பஞ்சாங்கம் மாதிரி, உயிர்களுக்கு ஒரு பஞ்சாங்கம். ஒரு குழந்தை இறந்தால் அது தலைநகரில் உட்கார்ந்திருக்கும் யாருக்கோ போகும் ஒரு எண்ணாக முடிந்துவிடாது. அந்த ஊர்ச் சுவரிலேயே இருக்கும். அந்தக் குழந்தையின் அம்மாவைத் தெரிந்த ஒரு பெண்ணே அதைக் குறித்துவைத்திருப்பார்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலிருந்த அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்தது. 1000-க்கு 30 என்ற அளவில் இரண்டும் அருகருகே வந்துவிட்டன. அதே காலகட்டத்தில் ஈரான் பல்கலைக்கழகங்களில் சேர்வோரில் பாதிக்கு மேல் பெண்கள்.

ஈரானில் பெண்களுக்கு உரிமைகள் முழுசா இருக்குன்னு சொன்னா அது பொய். 2022-ல் அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்து என்ன கேட்டார்கள் என்று உலகமே பார்த்தது. கிராமத்து வீடுகளுக்குக் கருத்தடையைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே அரசு, 2021-ல் மக்கள்தொகையைப் பெருக்கச் சட்டம் போட்டு அதே சேவையைச் சுருக்கியது. அரசு கொடுப்பதை அரசே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். இந்த எச்சரிக்கையை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

எட்டாம் வகுப்பு எங்கே?

மூன்றாவது, பாகிஸ்தான். 1994-ல், பெனாசிர் பூட்டோ பிரதமராக இருந்தபோது, "லேடி ஹெல்த் ஒர்க்கர்" திட்டம் தொடங்கியது. ஒரு ஊழியருக்குச் சுமார் 1000 பேர். தன் வீட்டிலேயே ஒரு அறையைச் சுகாதார நிலையமாக வைத்துக்கொள்வார். பாகிஸ்தானின் பல பகுதிகளில் பெண்கள் தனியாக வெளியே போவது கடினம். அதனால் மருத்துவத்தையே வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் இந்த வேலையில் சேர்ந்தார்கள்.

சேர என்ன தகுதி? அதே ஊர், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி.

கேட்க எளிமையா இருக்கு இல்ல? ஆனால் பலூசிஸ்தானிலும் சிந்து மாகாணத்தின் உள்பகுதிகளிலும் எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருவர்கூட இல்லாத ஊர்கள் இருந்தன. ஆக, எந்த ஊருக்கு இந்த ஊழியர் மிக அதிகமாகத் தேவையோ, அந்த ஊருக்குத்தான் அவர் கிடைக்கவில்லை. பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, ஆள் இல்லை. அந்த ஆள் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிருப்பார். அன்றைக்கு அந்த ஊரில் பெண்களுக்கான நடுநிலைப் பள்ளி கட்டாமல் விட்டதன் விலையை இன்றைக்குப் பிரசவ அறையில் கட்டுகிறோம்.

இதே கணக்கை வேறொரு இடத்திலும் பார்த்திருக்கிறார்கள். தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், அசிம் க்வாஜா என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் பாகிஸ்தானின் பஞ்சாப் கிராமங்களை ஆராய்ந்தார்கள். குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகள் சில ஊர்களில் முளைக்கின்றன, சில ஊர்களில் முளைப்பதில்லை. என்ன காரணம்? முன்பு அரசாங்கம் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி கட்டிய ஊர்களில் தனியார் பள்ளி வரும் வாய்ப்பு வெகுவாக அதிகம். அந்தப் பள்ளியில் படித்த பெண்களே அடுத்த தலைமுறைக்கு டீச்சரானார்கள். வெளியூருக்குப் போய் வேலை செய்ய முடியாத படித்த பெண்கள் உள்ளூரில் இருந்தால், உள்ளூரில் பள்ளி வரும்.

லேடி ஹெல்த் ஒர்க்கர்கள் பட்ட பாட்டையும் சொல்லாமல் போகக் கூடாது. பல ஆண்டுகள் அவர்கள் ஒப்பந்த ஊழியர்கள், சொற்பச் சம்பளம். சாலையில் உட்கார்ந்து போராடி, நீதிமன்றம் போய், 2012-ல்தான் பணி நிரந்தரத்துக்கு வழி பிறந்தது. அதே 2012 டிசம்பரில், கராச்சியிலும் பெஷாவர் பக்கத்திலும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன ஊழியர்கள் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். தீவிரவாதிகள் நெடுங்காலமாகவே போலியோ மருந்துக்கு எதிராகப் பேசிவந்தார்கள். அதற்குத் தீனி போட்டது வேறொரு சம்பவம். 2011-ல் பின்லேடனைத் தேடும் வேலையில், அமெரிக்க உளவுத்துறை அபோட்டாபாத் நகரில் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் ஒரு நாடகத்தை நடத்தியிருந்தது. அது வெளியே வந்ததும், கதவைத் தட்டும் ஒவ்வொரு பெண் மேலும் சந்தேகம் விழுந்தது. எங்கேயோ உட்கார்ந்து திட்டம் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் குளிர்பெட்டியோடு தெருவில் நடந்தவர்கள் உயிரை விட்டார்கள்.

வீட்டுக்குள் ஒரு அந்நியரை விடுவது நம்பிக்கையில் நடக்கும் காரியம். அந்த நம்பிக்கையைச் சேர்க்கப் பல வருஷம் ஆகும், உடைக்க ஒரு நாள் போதும்.

அறுக்கப்பட்ட கண்ணி

கடைசியாக ஆப்கானிஸ்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில் படக்‌ஷான் மாகாணத்தில் ராக் என்று ஒரு மலைப்பகுதி. 2002-ல் அங்கே போன ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ 6500 தாய்மார்கள் இறந்தார்கள். அதுவரை உலகில் எங்கேயும் பதிவான எண்ணிக்கைகளில் மிக உயர்ந்தது அது. அதே நேரத்தில் காபூல் நகரில் அந்த எண் 400-ஐ ஒட்டி இருந்தது. ஒரே நாடு, ஒரே மதம். வித்தியாசம் பாதையிலும் பனியிலும், பக்கத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்த பெண் இருந்தாரா என்பதிலும்.

அப்போது நாடு முழுக்கப் பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள், அதாவது பிரசவம் பார்க்கும் செவிலிகள், 500 பேர்கூட இல்லை. 1996 முதல் 2001 வரையிலான முதல் தாலிபான் ஆட்சியில் பெண்களின் படிப்பு நின்றுபோயிருந்தது. அதற்கு முன் நீண்ட போர். பிறகு சமூக மிட்வைஃப் பள்ளிகள் தொடங்கின. ஈரானில் பார்த்த அதே வழி: ஊரே தன் பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பும், அவர் படித்து முடித்து அதே ஊருக்குத் திரும்புவார். தொலைதூர மாகாணங்களில் அப்பாக்களும் அண்ணன்களும் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பினார்கள். பிரசவத்தில் மனைவியையோ அக்காவையோ இழந்த குடும்பங்களுக்கு ஒரு மிட்வைஃப் எவ்வளவு தேவை என்பதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. எண்ணிக்கை சில ஆயிரங்களாக வளர்ந்தது. 2020-க்கான ஐ.நா. மதிப்பீட்டில், தாய் இறப்பு லட்சத்துக்கு 620. இன்னும் பயங்கரமான எண்தான். ஆனால் கீழே இறங்கிக்கொண்டிருந்த எண்.

2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பவும் ஆட்சிக்கு வந்தது. அடுத்து நடந்தவற்றை வரிசையாகச் சொல்றேன், கவனிங்க. 2021 செப்டம்பரில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி திறக்கப்படவில்லை. அதே டிசம்பரில், 72 கிலோமீட்டருக்கு மேல் போகும் பெண்ணோடு மஹ்ரம், அதாவது நெருங்கிய ஆண் உறவினர், இருக்க வேண்டும் என்ற உத்தரவு. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத் தடை. அப்போதும் ஒரே ஒரு ஜன்னல் மீதி இருந்தது: மிட்வைஃப், நர்ஸ் பயிற்சி தரும் மருத்துவ நிலையங்கள். வேறு எங்கேயும் படிக்க முடியாத பெண்கள் அங்கே குவிந்தார்கள். 2024 டிசம்பரில் அதுவும் மூடப்பட்டது.

இப்போ இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. பெண்ணை ஆண் மருத்துவர் பார்ப்பதை விரும்பாத ஆட்சி. பெண் மருத்துவரோ மிட்வைஃபோ உருவாக வழி கொடுக்காத ஆட்சி. இரண்டையும் சேர்த்தால் பெண்ணுக்கு மருத்துவமே கிடையாது என்றுதான் அர்த்தம். யாரும் அப்படி ஒரு ஆணையில் எழுத வேண்டியதில்லை.

இதில் கொடுமையான விஷயம், விளைவு உடனே தெரியாது. ஏற்கனவே பயிற்சி பெற்றவர்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு வயதாகும். சிலர் நாட்டை விட்டுப் போவார்கள். 2021-ல் ஆறாம் வகுப்பை முடித்த 12 வயதுப் பெண், 2030-ல் 21 வயதில் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர். அந்த இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி வலியில் கிடப்பாள். அவளும் இப்போது பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கும் சிறுமிகளில் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மதம் இதைச் சொல்கிறதா? கெய்ரோவின் அல் அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அல்-தய்யிப், பல்கலைக்கழகத் தடை வந்தபோது, அது இஸ்லாமியச் சட்டத்துக்கு முரணானது என்று வெளிப்படையாகச் சொன்னார். 57 நாடுகள் உறுப்பினராக உள்ள இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் கண்டித்தது. நாம இதுவரை பார்த்த மூன்று நாடுகளும் அதே மதத்தைச் சேர்ந்தவைதான். பெண்ணைப் படிக்கவைக்காமல் பர்தாவையும் காப்பாற்ற முடியாது, பெண்ணின் உயிரையும் காப்பாற்ற முடியாது என்று அவை நடைமுறையில் கண்டுகொண்டன.

ஒரு நியாயமான சந்தேகம்

கேட்டுக்கிட்டு இருக்கிற உங்கள்ல சிலருக்கு இந்நேரம் ஒரு சந்தேகம் வந்திருக்கும். "பெண்ணுக்குப் பெண்ணைத்தான் அனுப்பணும்னு ஒத்துக்கிட்டா, அந்தப் பிரிவினையையே நாம ஏத்துக்கிற மாதிரி ஆகாதா? வாசலைத் தாண்டி வர விடாத வழக்கத்தை மாத்தாம, வாசலுக்கே மருந்து கொடுத்துட்டா எப்படி?"

நியாயமான கேள்வி. எனக்கும் இதில் முழுச் சமாதானம் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். முதலில், ரத்தப்போக்கில் இருக்கும் ஒரு பெண்ணிடம் "உங்க ஊர் வழக்கம் மாறட்டும், அப்புறம் வர்றேன்" என்று சொல்ல முடியாது. இரண்டாவது, கதவைத் தட்டப் போன பெண் பழைய பெண்ணாகத் திரும்பி வருவதில்லை. அவர் கையில் சம்பளம் இருக்கிறது. ஊரில் எல்லாரும் அவரிடம் யோசனை கேட்கிறார்கள். அவர் தெருவில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து ஊர்க் கண் பழகிவிடுகிறது. அவரைப் பார்க்கும் சிறுமிக்கு, பெண் என்றால் இப்படியும் இருக்கலாம் என்று தெரிகிறது. சில வருஷம் முன்பு வீட்டு வாசலைத் தாண்டாதவர்கள், பாகிஸ்தானில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து சம்பளம் கேட்டார்கள் இல்லையா? அந்தத் தைரியத்தை யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. வேலைதான் கொடுத்தது.

ஆனால் ஒரு கடனை மறக்கக் கூடாது. இந்த நாடுகள் தங்கள் குழந்தைகளைக் காப்பாற்றியது மிகக் குறைந்த சம்பளத்தில் நிறைய நடந்த பெண்களால். "சேவை மனப்பான்மை" என்று அழகாகப் பேர் வைத்துச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது ஒரு செய்தியில் "இத்தனை ஆஸ்பத்திரி திறந்தோம், இத்தனை பேருக்கு ஒரு டாக்டர்" என்ற எண்ணைப் பார்த்தால், கூடவே இரண்டு கேள்வி கேளுங்க. அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவர் யார்? அவர் படிக்க வேண்டிய பள்ளி இன்று திறந்திருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் "இல்லை" என்றால், முதல் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

இந்த அத்தியாயம் பிடிச்சிருந்தா ஒருத்தருக்காவது அனுப்பி வையுங்க. உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தா அதையும் எழுதுங்க, கண்டிப்பா படிக்கிறோம்.